தலைமுடியும் தலைமையும்

படையதிகாரியாகப் பயிலச் செல்லும் இளைஞனுக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்படும் பாடம் தலைமுடியைப் பற்றியது. துப்பாக்கி பின்னரே கைக்கு வருகிறது. தியத்தலாவையிலுள்ள இராணுவக் கல்விக்கழகமாயினும், இந்தியாவின் தேராதூனாயினும், இங்கிலாந்தின் சான்ட்ஹேர்ஸ்ற் ஆயினும், வாயிலைக் கடந்த சின்னாட்களுள் அவன் முடிதிருத்துபவரின் நாற்காலியில் அமர்த்தப்படுகிறான். எண்ணெய் பூசிச் சீவி, கண்ணாடி முன் நின்று நின்று அருமையாக வளர்த்த முடி, பிடரியிலும் பக்கங்களிலும் ஒட்ட வெட்டப்பட்டுத் தரையில் விழுகிறது. நாட்டைக் காப்பதற்கும் மயிரைக் கத்தரிப்பதற்கும் என்ன தொடர்பு என்று அவனும் கேட்கிறான்; விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளையை அடையாளங்காணாது திகைத்த தாயும் கேட்கிறாள். நியாயமான கேள்வியே. அதற்கு விடையும் உண்டு. ஆயின் தோற்ற ஒழுங்குபற்றிய விதிகள் அனைத்துக்கும் ஒரே விடை பொருந்தாது. சில விதிகள் உயிரைக் காப்பன. சில வெறும் வழக்கம்பற்றி வந்தன. சில, ஆராயாமல் இட்டமையால் உயிரைக் குடித்தன.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இவ்வொழுங்கு புதிதன்று. கொழும்பு றோயல் கல்லூரியில் 1881 ஆம் ஆண்டில் தொடங்கிய மாணவர் படைப்பயிற்சி நாளடைவில் ஏனைய கல்லூரிகளுக்கும் பரவியது. யாழ்ப்பாணத்துப் பெருங் கல்லூரிகளிலும் 'கடேற்' என்று எல்லோரும் வழங்கிய மாணவர் படையணிகள் இருந்தன. ஆண்டுப் பயிற்சிப் பாசறைக்காக அப்பிள்ளைகள் புகைவண்டியேறி, பொல்காவலையில் வண்டி மாறி, மலைநாட்டுத் தியத்தலாவைக்குச் சென்றார்கள். கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்விடம், தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் வீரர் ஏறத்தாழ 5,000 பேர் 1900 ஆம் ஆண்டிற் சிறைவைக்கப்பட்ட பழைய படைத்தலம். வெயிலிற் பிறந்து வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் அங்கே விடியுமுன் எழுந்து, பனிபோன்ற நீரை முகத்தில் அறைந்து, அப்பொழுதுதான் அரும்பத் தொடங்கிய மீசையை மழித்துக்கொள்ள நேர்ந்தது.

பாசறைக்கு முந்திய இரவுகளில் வீடுகளில் நடந்த ஆயத்தம் ஒரு சிறு திருவிழாவை ஒக்கும். காக்கி உடுப்புக்குச் சோற்றுக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். சிரட்டைக் கரி நிரப்பிய மினுக்குப் பெட்டியால், கைவைத்தால் வெட்டும் என்னும்படி மடிப்பெடுப்பார்கள். பித்தளைப் பொத்தான்களையும் இடைவாரின் பூட்டையும் 'பிரசோ' இட்டுத் தேய்ப்பார்கள். கித்தான் வார்களுக்குப் 'பிளாங்கோ' என்னும் கட்டியை நீரிற் குழைத்துப் பூசுவார்கள்; பூசியது சீராகக் காயாவிட்டாற் கோடு கோடாகத் திட்டு விழும், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சப்பாத்துக்கு மெருகேற்றுவதோ தனிக் கலை. விரலிற் சுற்றிய பழந்துணியில் மிகச் சிறிதளவு பொலிஷ் எடுத்து, துளி நீர் சேர்த்து, சப்பாத்தின் முனையிற் சிறு சிறு வட்டமாகத் தேய்த்தல் வேண்டும். ஒரு படலம் காய்ந்தபின் மறு படலம். அவசரப்பட்டு அழுத்தியவன் அதுவரை ஏற்றிய மெருகையும் இழப்பான். முகம் தெரியும் வரை இதனைச் செய்து முடிக்கும் பதினைந்து வயதுப் பையன், பாடப் புத்தகம் எதுவும் கற்பியாத ஒரு பொறுமையைக் கற்றுக்கொள்கிறான் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு பயின்றோர் எல்லோரும் படைக்குச் சென்றாரல்லர். பெரும்பாலோர் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் வைத்தியராகவும் ஆயினர். சென்ற சிலருக்கு அதுவே முதற்படியாயிற்று.

அதிகாரிப் பயிற்சி பெறுவோர்க்குரிய தோற்ற விதிகள் நாட்டுக்கு நாடு சிறிது வேறுபடும், அடிப்படை ஒன்றே. தலைமுடி கழுத்துப்பட்டியைத் தொடலாகாது. கிருதா காதின் நடுவுக்குக் கீழே இறங்கலாகாது. நாள்தோறும் சவரம் செய்தல் வேண்டும். மீசை வைப்பின் அது கடைவாய்க்கு அப்பாற் செல்லாது கத்தரிக்கப்பட வேண்டும். நகம் ஒட்ட வெட்டப்பட வேண்டும். சங்கிலி, காப்பு முதலிய அணிகள் ஆகா. பெண்கள் தம் நீண்ட கூந்தலைக் கழுத்துப்பட்டிக்கு மேலே கொண்டையாக முடிந்து தொப்பிக்குள் அடக்குதல் பொது வழக்கு. இலங்கைப் படையில் மகளிர் படைப்பிரிவு 1979 ஆம் ஆண்டிற் தொடங்கியது; சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1992 முதற் பெண்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. ஆகவே கூந்தல் பற்றிய விதியும் இன்று பல தமிழ் வீடுகளின் கவலைக்குரியதாயிற்று.

இவற்றுட் பலவற்றுக்குக் காரணம் காட்டுதல் எளிது. போர்க்களத்தில் வெட்டுக்காயத்தைவிடப் பேன் கொடியது. நச்சுக் காய்ச்சலாகிய 'ரைபஸ்' உடற்பேனாற் பரவுவதைப் பிரெஞ்சு அறிஞர் சாள்ஸ் நிக்கோல் 1909 ஆம் ஆண்டில் நிறுவினார். அதற்காகவே 1928 ஆம் ஆண்டின் நொபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. உடற்பேன் குடியிருப்பது உடுப்பின் தையல் மடிப்புகளில். ஆதலால் முடியை வெட்டினால் மட்டும் போதாது, உடுப்பைத் தோய்த்து மினுக்கவும் வேண்டும். மினுக்குப் பெட்டியின் சூடு மடிப்பெடுப்பதோடு நில்லாது, மடிப்பிலுள்ள ஈரையும் பேனையும் கொல்லும். தலையிற் காயம்பட்டவனுக்கு மருந்திடுவோர்க்குக் குறுகிய முடி பேருதவி. சங்கிலியும் காப்பும் இயந்திரத்திற் சிக்கினாற் கையே போய்விடும்.

தாடிக்கு வேறொரு பகை 1915 ஏப்ரல் 22 ஆம் நாள் தோன்றியது. அன்று பெல்ஜியத்து ஈப்பர் நகரின் அருகே ஜெர்மானியர் குளோரீன் வாயுவைக் காற்றிலே திறந்துவிட்டனர். அதன்பின் போர்வீரன் உயிர் நச்சுக்காற்றுக் கவசம் முகத்தோடு பொருந்தும் பொருத்தத்திலே தங்கியது. தாடியுள்ள முகத்தில் அது இறுகப் பொருந்தாது. மயிரிழைகளின் ஊடாக நஞ்சு புகும். இதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக முன்னரே, போரில் எதிரி பற்றி இழுப்பதற்குத் தாடி ஒரு கைப்பிடியாகிவிடும் என்று கருதி மகா அலெக்சாந்தர் தம் படையினரை மழித்துக்கொள்ளச் செய்தார் எனப் புளூட்டார்க் எழுதியுள்ளார்.

போருக்குச் செல்பவனின் கோலத்தைச் சீர்செய்தல் தமிழர்க்குப் புதிதென எண்ணற்க. புறநானூற்றின் 279 ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாயை அறியாத தமிழ் மாணவர் இலர். தந்தையையும் கணவனையும் போரிற் பறிகொடுத்த அவள், எஞ்சியிருந்த ஒரே மகனைச் செருமுகம் நோக்கி அனுப்புகிறாள். வேலைக் கையிற் கொடுத்து அனுப்பியதோடு அமைந்தாளல்லள். வெள்ளாடை உடுத்தி, பரட்டையாய்க் கிடந்த குடுமிக்கு எண்ணெய் தடவி நீவிவிடுகிறாள். சான்ட்ஹேர்ஸ்ற் முடிவெட்டுபவன் செய்வதை அன்று தாய் செய்தாள். பாடியவரும் பெண்ணாதலாற்போலும், வேலை மட்டும் சொல்லி எண்ணெயை விட்டுவிடவில்லை.

சீருடை இல்லாத அக்காலத்திற் படைக்குப் படை வேற்றுமை காட்டியது பூ. வெட்சி முதல் வாகை ஈறாகப் போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூச் சூடப்பட்டது. பெரும்படைகள் மோதிக் கலக்கும்போது இவன் எம்மவன், இவன் பகைவன் என்று தெரிதற்பொருட்டுச் சேரர் பனம்பூவும், பாண்டியர் வேம்பும், சோழர் ஆத்தியும் மலைந்தனர். இவ்வழக்கையும் அதன் நோக்கத்தையும் தொல்காப்பியம் புறத்திணையியலில் வெளிப்படவே கூறுகிறது. பனையோடு பிறந்து பனையோடு வாழும் குடாநாட்டார், அம்மரத்தின் பூ ஒரு காலத்தில் ஒரு பேரரசின் படைச்சின்னமாயிருந்ததை எண்ணிச் சற்றே பெருமை கொள்ளலாம்.

இனி, காரணம் இன்றியே நின்ற விதிகளுக்கு வருவோம். பிரித்தானியப் படையில் முகவாயையும் கீழுதட்டையும் மழிக்க வேண்டும், மேலுதட்டை மழிக்கலாகாது என்றொரு கட்டளை நெடுங்காலம் இருந்தது. மீசை இன்றேல் ஆண்மை இன்று, ஆண்மை இன்றேல் அதிகாரம் இன்று என்பது அக்காலத்தார் கருத்து. முதல் உலகப் போர் மூண்டு ஈராண்டு கழிந்தது. பதினெட்டும் பத்தொன்பதும் வயதான இளம் அதிகாரிகள் பதுங்குகுழிகளில் மடிந்துகொண்டிருந்தனர். அவருட் பலருக்கு மீசை சரிவர முளைத்தே இருக்கவில்லை. மீசையை மழித்த குற்றத்துக்கு விசாரணைக்குள்ளானவரும் இருந்தனர். 1916 ஒக்டோபரில் அக்கட்டளை நீக்கப்பட்டது. நீக்கும் ஆணையிற் கையொப்பமிட்ட தளபதி நெவில் மக்றெடி அன்றே தம் மீசையை எடுத்துவிட்டார் என்பர். அவருக்கு அது நெடுநாட் பாரமாயிருந்தது போலும். கட்டளை போயிற்று, படை குலைந்துவிடவில்லை. ஆகவே அவ்விதி படையின் வலிமைக்கு ஒருகாலும் வேண்டப்பட்டதன்று என்பது தெளிவு.

மீசை விதியாற் சிலர் நகைப்புக்கு ஆளாயினர், சிலர் தொல்லையுற்றனர், அவ்வளவே. தமிழ்நாட்டு மண்ணில் நடந்த மற்றொன்று அவ்வளவில் நிற்கவில்லை.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படைக்குச் சேர் ஜோன் கிறடொக் தளபதியாயிருந்த காலத்தில், 1805 ஆம் ஆண்டின் இறுதியிலும் அதனை அடுத்தும் தோற்றம்பற்றிய புதிய கட்டளைகள் பிறந்தன. அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் நெற்றியிற் சமயக் குறி இடலாகாது. காதிற் கடுக்கன் ஆகாது. தாடியை மழித்தல் வேண்டும். மீசையின் அளவும் வடிவும் எல்லோர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாக ஐரோப்பியர் தொப்பியை ஒத்த புதிய தலையணி. அதில் தோலாலான ஒரு சின்னம். திருநீறும் திருமண்ணும் ஒருபுறம், தாடி மறுபுறமாக, இந்துக்களையும் இஸ்லாமியரையும் ஒருங்கே புண்படுத்த இதனினும் சிறந்த கட்டளையை எவரும் ஆய்ந்து எழுதியிருக்க முடியாது. அத்தோல் மாட்டின் தோலோ பன்றியின் தோலோ என்ற ஐயமும் எழுந்தது. தொப்பியணிந்தவன் மதம் மாறியவனாகவே ஊரிற் கருதப்படுவான் என்று சிப்பாய்கள் அஞ்சினர். உறவினர் பெண் கொடார், பந்தியில் இடம் தாரார்.

அவர்கள் முதலிற் போர்க்கொடி தூக்கினாரல்லர். 1806 மே மாதத்தில் வேலூரிற் சிலர் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தனர். மறுத்தவர்களுட் சிலர் சென்னைக் கோட்டைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டனர். சவுக்கடித் தண்டனை விதிக்கப்பட்டது. காரணம் கேட்டவனுக்குக் காரணம் கூறப்படவில்லை. ஜூலை 10 ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் எழுந்தனர். துயின்றுகொண்டிருந்த ஆங்கிலப் படையினரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டைத் தலைவராயிருந்த கேணல் பான்கோட்டும் கொல்லப்பட்டார். செய்தி எட்டியதும் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்த கில்லெஸ்பி சில மணி நேரத்துள் கோட்டையை மீட்டார். பின்னர் நடந்த பழிவாங்கலில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிரிழந்தனர். திப்பு சுல்தானின் மைந்தர்கள் அக்கோட்டையிற் காவலில் வைக்கப்பட்டிருந்தமையும் எழுச்சிக்கு ஒரு காரணமென வரலாற்றாசிரியர் கூறுவர், அது மறுக்கற்பாலதன்று. எனினும் உலர்ந்த ஓலைக்குத் தீயிட்டது தோற்றம்பற்றிய அக்கட்டளையே. முடிவில் அக்கட்டளைகள் திரும்பப் பெறப்பட்டன. கிறடொக்கும், சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் பதவியினின்று அழைத்துக்கொள்ளப்பட்டனர். பத்தாண்டின் பின் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறையிருக்கக் கொண்டுசெல்லப்பட்டதும் இதே வேலூருக்குத்தான்.

வேலூர் கற்பித்த பாடத்தைப் பிற்காலப் படைகள் மெல்ல மெல்லவே கற்றன. சீக்கியரின் வெட்டாத முடியையும் தலைப்பாகையையும் பிரித்தானிய இந்தியப் படை மதித்து ஏற்றது. இரண்டு உலகப் போரிலும் அவர் தலைப்பாகையோடே போரிட்டனர். சுதந்திர இந்தியாவிலும் அவ்வழக்கு நிலைக்கிறது. எல்லை எங்கே என்ற கேள்வி தீர்ந்தபாடில்லை. இஸ்லாமியரான விமானப்படை வீரர் ஒருவர் தாடி வைத்துக்கொள்ளும் உரிமை கோரிய வழக்கில், இந்திய உச்சநீதிமன்றம் 2016 டிசம்பர் 15 ஆம் நாள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. முடியையோ தாடியையோ வெட்டுதலை அவரவர் சமயம் தடைசெய்யுமிடத்து மட்டுமே விதிவிலக்கு உண்டு என்பதும், படையின் ஒருமைப்பாட்டுக்கு ஒரே தோற்றம் வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படை. தீர்ப்போடு உடன்படாதாரும் அதில் ஒன்றை ஒப்புக்கொள்வர்: அங்கே கேள்விக்குச் சவுக்கு விடையாகவில்லை. பிரித்தானியத் தரைப்படையோ 2024 ஆம் ஆண்டின் இளவேனிலில் தாடிக்கு இசைவளித்தது. ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு மேற்படாது, திட்டுத் திட்டாக இல்லாது, ஒழுங்காக இருத்தல் வேண்டும் என்பதும், நச்சுக்காற்றுக் கவசம் வேண்டிய இடத்தில் மழிக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. காரணம் உள்ள பகுதி நின்றது. காரணம் அற்ற பகுதி நீங்கியது.

குடாநாட்டில் இவ்விடயம் வேறொரு கனத்தையும் பெறுகிறது. இலங்கைத் தரைப்படை 1949 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் தளபதியாக 1955 ஆம் ஆண்டில் முதன்முதல் அமர்ந்த இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழரே. அதன்பின் வந்த காலங்களிற் படையில் தமிழ் இளைஞர் தொகை அருகியது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போது பாடசாலைகளில் மாணவர் படைப்பயிற்சியும் நின்றது. போரின் பின்னரே மீண்டும் தலைகாட்டியது. இந்த ஆண்டுகளைக் கடந்துவந்த ஊர்களிற் சீருடை வெறுந் துணியாகப் பார்க்கப்படுவதில்லை. மெருகேறிய சப்பாத்து ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, அவ்வீட்டு மூதாட்டியின் கண் சப்பாத்திற் பதிவதில்லை. முகத்தில் என்ன இருக்கிறதென்று தேடுகிறது. மாணவர் படையிற் சேர விரும்பும் பிள்ளைக்குத் தகப்பன் தயங்கித் தயங்கிக் கையொப்பம் இடுவதும் இதனாலேயே. தயக்கத்தைக் கண்டிப்பது பொருந்தாது. பிள்ளைக்குக் கிடைக்கும் ஒழுங்கு எத்தகையது, அது யார்பொருட்டு என்பதை அவருக்கு விளக்குதலே பொருந்தும்.

யார்பொருட்டு என்பதற்குப் பயிற்சிக் கழகங்களின் நாளாந்த நடைமுறையே விடை சொல்லும். காலை அணிவகுப்பிற் பயிலுநன் பார்க்கப்படுகிறான். முடி, முகம், நகம், பொத்தான், சப்பாத்து என ஒவ்வொன்றாக மேலதிகாரியின் கண் இறங்குகிறது. தூசி ஒன்று அகப்பட்டால் மீண்டும் ஒரு முறை திடலைச் சுற்றி ஓட்டம். இது சிறுமைப்படுத்தலாக அவனுக்குத் தோன்றும். சில வேளை அவ்வாறே நடத்தப்படுவதும் உண்டு. ஆயின் ஓராண்டோ ஈராண்டோ கழிந்தபின் அவன் மறுபக்கத்தில் நிற்பான். முப்பது பேர் அவன் பொறுப்பில் விடப்படுவர். அவர்களை அவன் பார்க்க வேண்டும். 'தலைமை தாங்கத் தொண்டு செய்' என்பது சான்ட்ஹேர்ஸ்றின் வாசகம். அத்தொண்டு பெரும்பாலும் இத்தகைய சிறு காரியங்களிலேயே அமைகிறது.

1914 ஆம் ஆண்டின் குளிர்காலத்திற் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நீர் தேங்கிய குழிகளில் நாட்கணக்காக நின்ற பிரித்தானிய வீரரில் ஏறத்தாழ 20,000 பேருக்குப் பாதம் வீங்கி, மரத்து, அழுகத் தொடங்கியது. பலர் விரல்களை இழந்தனர். சிலர் காலையே இழந்தனர். மருந்தால் இது தீரவில்லை. வீரர் இருவர் இருவராக ஒருவர் பாதத்தை மற்றவர் துடைத்து, திமிங்கில எண்ணெய் தேய்த்து, உலர்ந்த காலுறை மாட்ட வேண்டும் என்றும், அதனை அதிகாரி நாள்தோறும் நேரிற் பார்க்க வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது. எந்தப் பிரிவிற் பாதநோய் மிகுகிறதோ அப்பிரிவின் அதிகாரியே அதற்கு விடை சொல்ல வேண்டியவரானார். நோய் வெகுவாகத் தணிந்தது. பிரபுக்குடியிற் பிறந்து, ஏவலாளர் மெருகேற்றிய சப்பாத்தை அணிந்து பழகிய இருபது வயது இளைஞர், இரவு தோறும் கைவிளக்குடன் சேற்றில் மண்டியிட்டு, உழவனும் சுரங்கத் தொழிலாளியுமாகிய தம் வீரரின் கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டு சென்றனர்.